கழுவியும் போகாத கசப்பு

அத்தியாயம் 6

கல் முதலில் வந்தது. வசவு பின்னால் வந்தது.

டாக்ஸியின் முன்கண்ணாடி மூலையில் சிலந்தி வலை போல ஒரு விரிசல் பரவியது. ஸ்டியரிங்கில் இருந்தவன் தலையைக் குனியவில்லை. வாயைத்தான் திறந்தான்.

"குறி பாத்து எறிஞ்சிருந்தா உங்க மேல பட்டிருக்கும், மேடம். எறியத் தெரியாம எறிஞ்சதால என் கண்ணாடி மேல பட்டிருக்கு. ஊர்ல இருக்கற கத்துக்குட்டி எல்லாம் என் வண்டியிலதான் பழகுவானுங்க போல."

அவன் பழைய டாக்ஸி டிரைவர். வண்டி நின்ற பிறகும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் 'மீட்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்சீட்டில் இருந்த பெண்மணிக்கு 'சர்வேயர்' என்று பெயர். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, காணாமல் போன சரக்கு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருடம் மோப்பம் பிடித்து, பொய் சொன்னவர்களை எல்லாம் அழவைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். தொழில் மாறினாலும் பட்டப்பெயர் மாறவில்லை.

அவருக்குப் பக்கத்தில், முடிந்த அளவு தள்ளி, ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் நர்ஸ். வெள்ளைச் சீருடை கசங்கியிருந்தது. கல் எறிந்தவர்களைப் பார்த்த அதே பார்வையைத்தான் சர்வேயர் மீதும் வைத்திருந்தாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் சர்வேயர்.

"உங்களைக் கூப்பிட்டது உண்மை தெரியறதுக்கு. ஆறுதல் சொல்றதுக்கு இல்ல."

"நல்லதாப் போச்சு. எங்க மேடம் ஆறுதல் சொல்லி நான் கேட்டதே இல்ல," என்றான் மீட்டர். "ஒரு தடவை எனக்குக் கால் உடைஞ்சப்போ, 'எந்தக் கால்?'னு மட்டும் கேட்டாங்க."

தொழிற்சாலைக் கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் நர்ஸைப் பார்த்துவிட்டது. "கொலைகாரன் பொண்டாட்டி!" என்று ஒரு குரல். அதை நூறு வாய்கள் வாங்கிக்கொண்டன.

போன வாரம் ஆற்றங்கரைத் தெருவின் பம்புத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு உதடும் நகமும் நீலமாகிப் போயின. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் வராந்தாத் தரையில் படுக்க வைத்தார்கள். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். தபால்காரர் பிழைக்கவில்லை. சாயச் சரக்கு தயாரிக்கும் இந்தத் தொழிற்சாலையின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் காரணம் என்று மறுநாளே தெரிந்துபோனது. கழிவில் இருக்கும் விஷத்தைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே அங்கே ஒரு டவர் இருக்கிறது. அன்று அதை ஓட்டியவர் நர்ஸின் கணவர். கழிவை டவருக்குள் அனுப்பாமல் நேரே ஆற்றில் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்று சொல்லி அவரை லாக்கப்பில் வைத்துவிட்டார்கள். சாட்சி, அந்த டவரேதான். அதைக் கழுவிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு விஷம்கூட வரவில்லை. உள்ளே போயிருந்தால்தானே வெளியே வரும்?

இன்று நாலு மணிக்கு டவருக்குள் இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ச் சூளையில் எரிக்கப் போகிறார்கள். அதன் பிறகு அந்த மனிதருக்காகப் பேச உலகத்தில் எதுவும் மிஞ்சாது.

"நகருய்யா! என் தங்கச்சி வண்டி! இன்னொரு கல்லு விழுந்துச்சு, எறிஞ்ச கை இருக்காது!"

காக்கி உடுப்பும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக ஓர் ஆள் கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்தான். நர்ஸின் அண்ணன். அதே தொழிற்சாலையில் பக்கத்து டவரில் வேலை. காரின் மேல் கையை விரித்துப் படுக்காத குறையாக அவர்களைக் கேட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனான்.

"பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டான் ஜன்னல் வழியே.

நர்ஸ் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இப்படித்தான் மேடம் இருக்கா, அஞ்சாறு நாளா. என் மாப்பிள்ளை தங்கமான மனுஷன். தூக்கம் யாருக்குத்தான் வராது, சொல்லுங்க? ஏதோ அசந்துட்டாரு."

"அதை நீங்களே முடிவு பண்ணிட்டா நான் எதுக்கு?" என்றார் சர்வேயர், காரை விட்டு இறங்கியபடி.

*

மேனேஜரின் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் மேனேஜர் இருந்தார். விருந்தாளிகள் உட்காரும் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வெளியே தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். மீட்டர் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, மேஜைக்கு எதிரே 'டம்'மென்று வைத்தான்.

"வெளிய மழையில நனைஞ்சிட்டிருந்துச்சு சார்."

"மழையே பெய்யலையே?"

"பெய்யறதுக்குள்ள எடுத்துட்டேன்."

ஜன்னலோரம் நின்ற இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "இங்க பாருங்கம்மா. உங்களுக்கு நான் குடுத்திருக்கறது ஒரு மணி நேரம். அதுவும் அந்தப் பொண்ணு ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னதால. என் கேஸ் முடிஞ்சு போச்சு. நீங்க தோண்டி எதையாவது கெடுத்தா, உங்க மேலயும் ஒண்ணு போடுவேன்."

"சந்தோஷம்," என்றார் சர்வேயர். மேனேஜரைப் பார்த்துத் திரும்பினார். "டவரைக் கழுவினது யாரு?"

"ஷிப்ட் ஆளுங்க."

"எந்த ஆளுங்க?"

"நான் மேனேஜர். அட்டெண்டன்ஸ் எடுக்கற வாத்தியார் இல்ல."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இந்தத் தொழிற்சாலையில ஒரு வால்வைக்கூட நான் தொட்டதில்ல." மேனேஜர் தன் சட்டைக் கையின் வெள்ளையைப் பெருமையோடு தடவிக்கொண்டார். "கழுவின தண்ணி கெமிஸ்ட்கிட்ட போச்சு. அவர் விஷம் இல்லைன்னு எழுதிக் குடுத்தார். படிச்ச மனுஷன் சொன்னதை நம்பறதா, இன்சூரன்ஸ்ல கமிஷன் வாங்கிட்டிருந்த அம்மா சொல்றதை நம்பறதா?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாமலே கிளம்பினா எல்லாருக்கும் நல்லது."

சர்வேயர் எழுந்தார். "மீட்டர், நாற்காலியை எடுத்த இடத்துலயே வெச்சுடு. அது வெளிய இருந்தாத்தான் சாருக்குத் தைரியம் வரும்."

*

லேப், கட்டடத்தின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் ஒரு நெடி. சுவர் நெடுக 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதியவரே அங்கே நின்றுகொண்டிருந்தார். மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"என் ரிப்போர்ட்ல ஒரு தப்பும் இல்ல," என்றார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"தப்புன்னு யார் சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுது."

"அந்தக் கழுவின தண்ணி மிச்சம் இருக்கா?"

கெமிஸ்ட் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். தடித்த கண்ணாடி. மூடியும் கண்ணாடிதான். உள்ளே பாதி அளவுக்குத் தெளிந்த தண்ணீர்.

"திறங்க."

"திறக்க வராது. மூடி இறுகிடுச்சு."

மீட்டர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பாட்டிலை மார்போடு அணைத்துத் திருகினான். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. மூடி அசையவில்லை.

"விடுய்யா, கழுத்து உடைஞ்சிடும்!" என்று கத்தினார் கெமிஸ்ட்.

"எதோட கழுத்து? என்னுதா, இதோடதா?"

சர்வேயர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று வளையமாகப் படிந்திருந்தது.

"முன்னாடி ஒரு கிடங்கு கேஸ் பாத்தேன்," என்றார் மெதுவாக. "கூரை இடிஞ்சு விழுந்து, எல்லாப் பாட்டில்லயும் லேபிள் போயிடுச்சு. எது ஆசிட், எது காஸ்டிக் சோடான்னு தெரியல. முதலாளி சிரிச்சுட்டே சொன்னான். 'மூடியைத் திருகிப் பாருங்க. சுலபமாத் திறந்தா ஆசிட். ரொம்ப நாள் திறக்காம இருந்து இறுகிக் கிடந்தா காஸ்டிக். காஸ்டிக் கண்ணாடியைக் கொஞ்சமா அரிச்சு, மூடியைக் கழுத்தோட ஒட்டவெச்சுடும்'னான். பொய் க்ளெய்ம் போட்டவன்தான். ஆனா அது மட்டும் நிஜம்."

பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்த கெமிஸ்டின் கை நின்றது.

"டவர்ல என்ன இருக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

கெமிஸ்ட் பீக்கரைக் கீழே வைத்தார். பிறகு ஒரு ஜாடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கடுகைவிடச் சின்ன வெள்ளை மணிகள்.

"ரெசின். ஒருவகை பாலிமர், பிளாஸ்டிக் மாதிரி."

"பல்லி முட்டை பிள்ளை பெத்த மாதிரி இருக்கு," என்றான் மீட்டர்.

கெமிஸ்ட் அவனைப் பொருட்படுத்தவில்லை. "இது பஞ்சு மாதிரி உறிஞ்சாது. மேல ஒட்டவெச்சுக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத பொந்து ஏராளம். அந்தப் பொந்துச் சுவர் தண்ணியை விரும்பாது, எண்ணெய் மாதிரி. அதே குணம் இருக்கற சரக்கு வந்தா பிடிச்சு வெச்சுக்கும். எங்க கழிவுல அப்படி ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஆசிட் வகை, இன்னொண்ணு அதுக்கு எதிர் வகை. ஆளுங்க முதல் டவரைப் புளிப்பு டவர்ம்பாங்க, ரெண்டாவதைக் கசப்பு டவர்ம்பாங்க. உதட்டை நீலமாக்கற விஷம் கசப்பு டவர்லதான் ஒட்டும்."

"நாக்குல வெச்சுப் பாத்தா பேர் வெச்சாங்க? வெச்சிருந்தா பேர் இருக்கும், ஆள் இருக்க மாட்டான்."

"நீ சும்மா இரு," என்றார் சர்வேயர். "ஒட்டினதை எப்படிக் கழட்டுவீங்க?"

"புளிப்புச் சரக்கைக் காஸ்டிக் விட்டுக் கழட்டுவோம். காஸ்டிக் பட்டா அது உப்பா மாறிடும். மணியை விட்டுட்டுத் தண்ணியோட ஓடிடும். கசப்புச் சரக்கு அப்படியே நேரெதிர். அது ஆசிட்டுக்குத்தான் இறங்கி வரும்."

"கசப்பு டவர்ல காஸ்டிக்கை விட்டா?"

கெமிஸ்ட் பாட்டிலைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார்.

"இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"அதாவது," என்றான் மீட்டர், "எப்படா கிளம்புவான்னு நாம காத்துட்டிருக்கற மச்சினன்கிட்டப் போய், 'இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போங்களேன்'னு சொன்ன மாதிரி."

"பாட்டில்ல இருக்கறது காஸ்டிக்னு நீங்க பாக்கவே இல்லையா?" என்று கேட்டார் சர்வேயர்.

"விஷம் இருக்கான்னு கேட்டாங்க. இல்ல. இல்லைன்னு எழுதினேன். எதால கழுவினாங்கன்னு யாரும் சொல்லல!"

"நீங்களும் கேக்கல."

"கேக்கல!" அவர் குரல் கண்ணாடிச் சாமான்களில் மோதி அதிர்ந்தது. "கேக்கலதான்! அதுக்கு என்ன இப்போ? வெளிய போங்க ரெண்டு பேரும்!"

"போறோம். நீங்களும் வாங்க, டவர்கிட்ட. விஷம் இருந்தா நிறம் மாறிக் காட்டற மருந்து எதாவது இருந்தா எடுத்துக்குங்க."

தாழ்வாரத்தில் மீட்டர் காதோடு கிசுகிசுத்தான். "இந்த ஆள்தான் மேடம். முழியைப் பாருங்க."

"முழி சரியில்லாததெல்லாம் குத்தம்னா உன்னை என்னைக்கோ உள்ள தள்ளியிருக்கணும். வாயை மூடிட்டு வா."

*

கொல்லைப்புறத்தில் இரண்டு இரும்பு டவர்கள், இரண்டு மாடி உயரத்தில், பக்கம் பக்கமாக நின்றன. சிமென்ட் தரை வழுக்கியது. ஒவ்வொரு டவருக்கும் சிவப்புச் சாயம் அடித்த ஆசிட் குழாய் ஒன்று, நீலச் சாயம் அடித்த காஸ்டிக் குழாய் ஒன்று. கசப்பு டவரின் அடியில் லாரி தயாராக நின்றது. மண்வெட்டியோடு நாலைந்து ஆட்கள். "இந்தப் பொம்பளையால ஓவர்டைம்கூட இல்லாம நிக்கறோம்," என்று ஒருவன் காதில் விழும்படியே சொன்னான்.

மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். வெயிலுக்கோ, டவரிலிருந்து சொட்டக்கூடிய எதற்கோ.

"இந்த டவரைக் கழுவணும்," என்றார் சர்வேயர்.

"கழுவியாச்சு. காலி."

"இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை."

"அதுக்கு ஆள் இல்ல. இதை ஓட்டறவன்தான் லாக்கப்ல இருக்கானே?"

நர்ஸின் அண்ணன் முன்னால் வந்தான். "நான் கழுவறேன். என் மாப்பிள்ளைக்காக இதைக்கூடச் செய்யலைன்னா நான் என்ன மச்சான்?" தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "மனசு சமாதானம் ஆகட்டும் பாப்பா. அப்புறம் இதைப் பத்திப் பேச வேணாம்."

ஏணியில் இரண்டு படி ஏறினான். நீலச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினான். குழாய்க்குள் உறுமல் கேட்டது.

மீட்டர் சர்வேயரின் பக்கம் சாய்ந்தான். "மேடம், அது..."

மீட்டரின் கால் மேல் சர்வேயரின் செருப்பு ஏறியது. பலமாகவே ஏறியது.

அடிக்குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்தது. கெமிஸ்ட் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, கொண்டுவந்திருந்த ப்ளீச்சிங் கரைசலை அதில் சில சொட்டு விட்டார். "விஷம் இருந்தா ஊதா ஆகும்," என்றார் யாரையும் பார்க்காமல்.

எல்லோரும் குவளையைப் பார்த்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

மேனேஜர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். மண்வெட்டிக்காரர்கள் விசில் அடித்தார்கள். "படம் முடிஞ்சுதா அம்மா? வீட்டுக்குப் போலாமா?"

"முடிஞ்சுது," என்றார் இன்ஸ்பெக்டர். தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார். "அள்ளுங்கய்யா."

நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உடம்பு ஒரு தரம் ஆடியது. அண்ணன் ஓடி வந்து தாங்கிக்கொண்டான்.

"அழாத பாப்பா. அன்னைக்கும் இதே மாதிரி வெறும் தண்ணியாத்தான் வந்துச்சு. நாம ஏத்துக்கத்தான் வேணும்."

"கொஞ்சம் இருங்க," என்றார் சர்வேயர். குரலை உயர்த்தவில்லை. ஆனால் மண்வெட்டிகள் நின்றுவிட்டன. "நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. கெமிஸ்ட் சார், சிவப்பு."

கெமிஸ்ட் அசையவில்லை.

"அதைத் தொட்ட," என்றார் மேனேஜர் மிக மென்மையாக, "நாளைக்கு நீ வேலைக்கு வரவேணாம்."

கெமிஸ்ட் கழுத்திலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இத்தனை வருஷத்துல என்னை நீ 'நீ'ன்னு கூப்பிட்டது இதுதான் முதல் தடவை," என்றார். ஏணியில் ஏறினார். நீலத்தை மூடினார். முதலில் வெறும் தண்ணீரை விட்டு டவரை அலசினார். அதன் பிறகுதான் சிவப்புச் சக்கரத்தைத் திருப்பினார்.

அடிக்குழாயில் முதலில் நுரை வந்தது. பிறகு நெடி வந்தது. அழுகிய மீனையும் பெயின்ட்டையும் சேர்த்துக் குழைத்தது போன்ற நெடி. அதன் பின்னால், தேநீர் நிறத்தில், தடித்த தண்ணீர் கொட்டியது.

கெமிஸ்ட் ஒரு குவளை பிடித்தார். அதிலிருந்த ஆசிட்டை முறிக்கக் கொஞ்சம் காஸ்டிக் கலந்தார். ப்ளீச்சிங் கரைசலை ஒரு சொட்டு விட்டார்.

ஊதா. நசுக்கின நாவல் பழம் மாதிரி ஊதா.

விசில் அடித்தவன் இரண்டு விரலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"பழைய சரக்கா இருக்கும்!" மேனேஜரின் குடை கீழே விழுந்தது. "எப்பவோ தங்கினது!"

"அந்த ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்த டவரை ஆசிட்டால கழுவி, சுத்தம்னு பாத்து ஒப்படைச்சது நான்," என்றார் கெமிஸ்ட். "இது எல்லாம் அந்த ஒரு ஷிப்ட்ல ஒட்டினது."

"அப்படின்னா..." இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"அப்படின்னா ஆபரேட்டர் தூங்கல," என்றார் சர்வேயர். "அவர்கிட்ட வந்த கழிவை ஒழுங்கா டவருக்குள்ள விட்டிருக்கார். டவரும் ஒழுங்காப் பிடிச்சு வெச்சிருக்கு. ஆத்துக்குப் போனது வேற எங்கேயோ இருந்து போயிருக்கு. அதை அவர் தலையில கட்டணும்னா, டவர் காலியா இருந்ததாக் காட்டணும். அதனால எல்லாருக்கும் கழுவிக் காட்டறதுக்கு முன்னாடியே யாரோ திருட்டுத்தனமா வந்து இதைக் கழுவிக் காலி பண்ணப் பாத்தாங்க. ஆனா ரெண்டு தடவையும் காஸ்டிக்கால கழுவினாங்க. அழிக்க நெனைச்சதை அழுத்திப் பூட்டி வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"கெமிஸ்ட் இந்தத் தப்பைத் தூக்கத்துலகூடச் செய்ய மாட்டார். மேனேஜருக்கு எந்தச் சக்கரம் எதுக்குன்னே தெரியாது. நான் கொஞ்சம் முன்னாடி, டவரைக் கழுவணும்னுதான் சொன்னேன். எதாலன்னு சொல்லவே இல்ல." சர்வேயர் திரும்பினார். "உங்க கை நேரா நீலத்துக்குப் போச்சு. யோசிக்கக்கூட இல்ல. பக்கத்துப் புளிப்பு டவர்ல வருஷக்கணக்கா காஸ்டிக் விட்டே பழகின கை. கழுவறதுன்னா அதுக்கு நீலம்தான். அது போதாதுன்னு, 'அன்னைக்கும் இதே மாதிரி'ன்னு வேற சொன்னீங்க. அன்னைக்கு இங்க நின்னு பாத்தவனுக்குத்தானே அது தெரியும்?"

நர்ஸின் தோளில் இருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"நான் அப்பவே நெனைச்சேன்!" என்று கத்தினார் மேனேஜர். "இன்ஸ்பெக்டர், இவன்தான்! பிடிங்க இவனை!"

"யோவ்!" அண்ணன் பாய்ந்தான். மீட்டர் குறுக்கே விழுந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "பின்னாடி தொட்டியில மாசக்கணக்கா கசப்புத் தண்ணியைத் தேக்கி வெச்சது யாரு? அதிகாரிங்க பாக்க வர்றதுக்குள்ள காலி பண்ணு, வாய்க்கால்ல விடுன்னு சொன்னது யாரு? ஊரே விழுந்ததும், டவரைக் கழுவு, உன் மாப்பிள்ளை மேல போட்டுடலாம், ரெண்டு மாசத்துல வெளிய எடுத்துடறேன்னு சொன்னது யாரு?"

"எவ்வளவு நல்லாக் கதை சொல்றான்!" மேனேஜர் குனிந்து குடையை எடுத்தார். எடுத்து நிமிர்வதற்குள் முகம் பழையபடி ஆகியிருந்தது. "டவரைத் தப்பாக் கழுவினான். சரி. அது தப்பு, குத்தம் இல்ல. தொட்டியை யாராவது திறந்ததை யாராவது பாத்தாங்களா? ஒரு சாட்சி? ஒரே ஒரு சாட்சி?" அண்ணனை நேராகப் பார்த்தார். "ஒரு வக்கீல் வந்தா உனக்கும் இதேதான் சொல்லுவான். யோசிச்சுப் பேசு."

அண்ணன் மூச்சு வாங்கினான். மேனேஜரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். மீட்டரின் பிடியில் அவன் உடம்பு தளர்ந்தது.

"நான்... ஆத்திரத்துல ஏதோ சொல்லிட்டேன். நான் எதையும் திறக்கல."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். "தொட்டி விஷயம் இல்லாம நான் ரெண்டு பேரையும் ஒரு ராத்திரிகூட உள்ள வைக்க முடியாதும்மா," என்றார் சர்வேயரிடம். "உங்க சாட்சி இந்த டவர்தான். அது இவன் கழுவினான்னு சொல்லும். திறந்தான்னு சொல்லாது."

சர்வேயர் மண்வெட்டிக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நான் சொல்லுவேன்."

எல்லோரும் திரும்பினார்கள். நர்ஸ் அண்ணனை விட்டு விலகி நின்றிருந்தாள். அவ்வளவு நேரமும் எல்லோர் மீதும் வீசிய அந்தப் பார்வை இப்போது தரையில் ஓடிய பழுப்புத் தண்ணீரில் நிலைத்திருந்தது.

"ஊரே விழுந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணா எனக்கு போன் பண்ணுச்சு. 'பாப்பா, நாளைக்குக் காலையில பம்புத் தண்ணி பிடிக்காத. பிள்ளைங்களுக்குக் குடுக்காத'ன்னுச்சு. ஏன்னு கேட்டேன். 'தொட்டியைத் திறக்கறாங்க. மாப்பிள்ளைதான் உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. அவரைப் போய்க் கேட்டுட்டு நிக்காத'ன்னுச்சு."

"பாப்பா!" அண்ணனின் குரல் உடைந்தது. "உனக்காகத்தானே... உன் பிள்ளைங்களுக்காகத்தானே போன் பண்ணேன்!"

"ஆமா. என் பிள்ளைங்களுக்காக." அவள் அவனைப் பார்க்கவில்லை. "நானும் என் வீட்டுக் குடத்தை மட்டும் மூடி வெச்சேன். பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லல. தபால்காரர் எங்க தெருப் பம்புல குடிச்சிட்டு வந்துதான் என் வாசல்ல நின்னு, 'சிஸ்டர், உங்களுக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்ல'ன்னு சிரிச்சிட்டுப் போனாரு. சாயங்காலம் என் வார்டுலதான் செத்தாரு. அவர் நகத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மேனேஜர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் நின்ற கான்ஸ்டபிளை நோக்கி இன்ஸ்பெக்டர் ஒரு விரலை அசைத்தார். வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஏம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். எரிச்சலில் அவர் குரல் கரகரத்தது. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உன் புருஷனை அன்னைக்கே விட்டிருப்பேனே?"

"அன்னைக்கே சொல்லியிருந்தா அவரைத் தூக்குல போட்டிருப்பீங்க," என்றாள் நர்ஸ். "அவர்தான் சொல்லச் சொன்னாருன்னு நானே நம்பிட்டேனே, சார். எழுதிக்குங்க. அதையும் சேத்து எழுதிக்குங்க."